தலையசைவுக்கு எழும் கை



ஹட்டனுக்கு அண்மையில் ஒரு தோட்டத்து லயத்தில் எனக்குப் பழக்கமான அக்கா ஒருவர் இருக்கிறார். 1977 கலவரத்தில் சிறு பிள்ளையாகப் பெற்றோருடன் மலையை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போனவர். 2009இல் ஷெல் துண்டொன்று கழுத்தருகே முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கியது. இப்போது தம்பி வீட்டில் கட்டிலோடு இருக்கிறார். தலையை அசைப்பார், தோளைச் சற்று உயர்த்துவார். கைகள் இரண்டும் இருக்கின்றன, ஆனால் சொல் கேட்பதில்லை.

தம்பி மனைவி காலையில் கொழுந்துக்குப் போனால், பகல் சாப்பாட்டு நேரம் வரை பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் எட்டிப் பார்க்கும். "எதுக்கா ரொம்பக் கஷ்டம்?" என்று ஒருநாள் கேட்டேன். சாப்பாடு, மலசலகூடம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"ஈ வந்து மூக்குல உக்காந்துக்கிரும் தங்கச்சி. கூப்புட்டா யாராச்சும் வருவாங்கதான். ஒரு ஈக்கு எத்தன தடவ கூப்புடுறது?"

அதே குறை கடல் கடந்தும் ஒருவருக்கு இருந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹென்றி எவன்ஸ் என்பவர் 2002இல், தமது 40ஆவது வயதில் பக்கவாதத்தால் விழுந்தார். பேச்சும் போனது, கைகால்களும் போயின. தலையை ஓரளவு அசைக்க முடிந்தது. 2010இல் தொலைக்காட்சியில் ஒரு றோபோவைப் பார்த்தவர், அதைப் பற்றிப் பேசிய சார்ளி கெம்ப் என்ற ஆராய்ச்சியாளரைத் தாமே தொடர்பு கொண்டார். அடுத்த வருடம் அந்த றோபோவின் கையைத் தம் தலையசைவால் கணனி வழியாக நடத்தி, பல வருடங்களுக்குப் பின் தம் முகத்தைத் தாமே சொறிந்துகொண்டார். உலகம் வியந்த வேலை சொறிவதுதான்! கட்டிலில் கிடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்தப் பழைய றோபோ இருநூறு கிலோவுக்கு மேல் பாரம், ஓர் அலுமாரி போல நின்றது. பின்னர் வந்த 'ஸ்ட்ரெச்' என்ற றோபோ இருபத்தைந்து கிலோ அளவுதான். ஒரு நாளில் பறிக்க வேண்டிய 18 கிலோ கொழுந்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. சில்லு வைத்த அடித்தளம், நடுவில் ஒரு கம்பம், அதில் மேலும் கீழும் போய் நீண்டு வரும் ஒற்றைக் கை, நுனியில் இடுக்கி போன்ற பிடி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில் எவன்ஸ் இதைத் தம் வீட்டிலேயே ஏழு நாட்கள் பயன்படுத்தினார். தலையில் அணிந்த சிறு கருவிதான் அதன் கடிவாளம்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. கைத்தொலைபேசியைச் சாய்த்தால் படமும் திரும்புகிறதல்லவா? சாய்வை அறியும் அதே வகைச் சில்லு தலையிலும் இருக்கிறது. தலை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதைக் கம்பியில்லாமல் றோபோவுக்குச் சொல்கிறது. முதலில் கையா, சில்லா, பிடியா என்று தேர்ந்துகொள்ள வேண்டும். பிறகு குனிந்தால் இறங்கும், நிமிர்ந்தால் ஏறும். வேகம் குறைவுதான். முகத்தருகே வரும் இரும்புக்கு வேகம் இருக்கவும் கூடாது.

உடலில் மிஞ்சிய அசைவை இன்னொரு கைக்குக் கொடுப்பது புதிய யோசனையும் அல்ல. பெர்லின் நகரப் பல் வைத்தியரான பீட்டர் பாலிவ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோள், மார்பு அசைவினால் இயங்கும் செயற்கைக் கையைச் செய்தார். இன்றைய கைகளில் சைக்கிள் பிரேக் போல ஒரு கம்பி, எதிர்த் தோளைச் சுற்றி ஒரு வார். தோளை முன்னே தள்ளினால் கொக்கி திறக்கும். கையை இழந்த சகோதரிகள் யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில், தமக்கு எது பொருந்தும் என்று கேட்டுப் பார்க்கலாம். அழகுக்கு மாட்டும் கையா, வேலைக்கு உதவும் கையா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். பார்க்க அழகான கை பெட்டிக்குள் தூங்குவதையும், கொக்கிக் கை வெங்காயம் உரிக்க உதவுவதையும் கண்டிருக்கிறேன்.

2024இல் ஸ்ட்ரெச் விலை சுமார் 25,000 அமெரிக்க டொலராக இருந்தது. பணம் கிடைத்தாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே அது எங்கே திரும்பும்? வாசலில் படி வேறு. அந்த அக்காவுக்கு இதை ஆசை காட்டிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சில்லும் கம்பமும் இல்லாமல், அசைவை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஒன்று அவர் வீட்டிலேயே இருந்தது.

2021 முதல் அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் ஒரு வசதி வந்திருக்கிறது. 'செட்டிங்ஸ்' உள்ளே 'அக்ஸஸிபிலிட்டி' பகுதியில் 'ஸ்விட்ச் அக்ஸஸ்' என்று இருக்கும். முன்பக்கக் கமரா முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். புருவத்தை உயர்த்தினால் ஒரு கட்டளை, வாயைத் திறந்தால் இன்னொன்று என்று நாமே வைத்துக்கொள்ளலாம். ஒன்று அடுத்த பெயருக்கு நகர்த்தும், மற்றது அழுத்தும். தனிக் காசு கேட்பதில்லை. மிகப் பழைய தொலைபேசியில் மட்டும் இராது.

தம்பி மகளின் தொலைபேசியில் இதைப் போட்டுப் பார்த்தோம். முதல் நாள் முழுக்கத் தகராறு. காம்பராவுக்குள் வெளிச்சம் போதாமல் கமரா முகத்தை விட்டுவிட்டது. கொட்டாவி விட்டபோது யாருக்கோ அழைப்புப் போய்விட்டது. கட்டிலை யன்னல் பக்கம் திருப்பினோம். தம்பி மூங்கில் சிம்பில் ஒரு தாங்கி கட்டித் தந்தார். நாலாம் நாள், கொழும்பில் வேலை செய்யும் பெறாமகளுக்கு அக்காவே அழைப்பு எடுத்தார்.

"யாரு அத்தை நம்பர அமத்திக் குடுத்தா?" என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள்.

"என் புருவந்தாண்டி."

ஈயை மட்டும் இன்னும் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் விரட்டுகிறது. அடுத்த மாதம் அந்தக் கட்டிலுக்கு ஒரு நுளம்பு வலை வாங்கிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.