காட்சிநிரலும் நமது கடமையும்

வழுநீக்கியின் திரையில் நினைவகத்தை மூலவடிவிலே பார்த்துப் பழகாதவன் நிரலாளனாகான் என்றொரு கொள்கை நம் ஆய்வுகூடங்களில் வேதவாக்காக வழங்குகின்றது. தரவுக் கட்டமைப்புகளைப் பொருள்விளங்கக் காட்டுவதற்குத் தனிநிரல் எழுதுதல் சோம்பேறிகளின் வேலை என்பாருமுளர். இது கல்வியன்று, வீண் வருத்தமே.

சீ பிளஸ் பிளஸ் மொழியின் 'மெப்' ஒன்றில் ஐந்து மாணவர் பெயர்களையும் புள்ளிகளையும் இட்டு, காட்சிநிரலின்றி ஜீ.டீ.பீ. வழுநீக்கியிற் பார்ப்போமாக. ஜீ.சீ.சீ. நூலகத்தில் அது செங்கருமரமாக அமைந்திருத்தலின், தலைக்கணுவின் நிறம், மூன்று சுட்டிகள், கணுக்களின் தொகை ஆகியனவே தோன்றும். பெயரில்லை, புள்ளியில்லை. அவற்றைக் காணவேண்டின் சுட்டியைத் தொடர்ந்து சென்று, கணுவின் வகையை நாமே மாற்றியுரைத்தல் வேண்டும். இங்கு மாணவன் கற்பது தன் நிரலையா, நூலகம் எழுதியவரின் அந்தரங்கத்தையா?

2009இல் வெளிவந்த ஜீ.டீ.பீ. 7.0 பைதன் மொழியில் இத்தகைய நிரல்களை எழுத வழிசெய்தது. சுருக்கத்தைத் தர ஒரு செயல்முறை, உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தர மற்றொன்று; பெரும்பாலும் அவ்வளவே. மைக்ரோசொப்ற்றின் விசுவல் ஸ்ரூடியோ 2012 தனக்கென வேறொரு முறையைக் கொணர்ந்தது. கருவி உண்டு, கற்பிக்கும் மனமே இல்லை.

காட்சிநிரல் பொய்யுரைக்குமே என்பர் எதிர்வாதிகள். உண்மைதான். தொடக்கமதிப்புப் பெறாத வரிசையொன்று கோடிக்கணக்கான உறுப்புகள் கொண்டதாகத் தோன்றலாம். ஆயின் மூலவடிவு அவ்வேளையில் எதை உணர்த்தும்? அதுவும் வெறும் முகவரிகளையே காட்டும். ஐயம் எழின், அச்சிடும் கட்டளையுடன் சாய்கோடும் 'ஆர்' எழுத்தும் சேர்த்தால் மூலவடிவு வந்து நிற்கும், எதுவும் பறிபோவதில்லை. நல்ல காட்சிநிரல் வெறும் அலங்காரமுமன்று. அது பட்டியலை நடந்து எண்ணிப் பார்த்து, பதிவிலுள்ள தொகையுடன் ஒப்பிட்டு, முரண்படின் பழுதென்று கூறும். சுட்டி வட்டமிடின் நின்றுவிடும். சோதிக்கப்படும் நிரலின் செயல்முறைகளை அது அழைத்தலும் ஆகாது. அழைப்பின் நிலைமை மாறக்கூடும். இறந்த நிரலின் நினைவகப் பதிவை ஆராயும்போது அழைப்பதற்கு அங்கு உயிருள்ள நிரலேது? இவையெல்லாம் சோம்பேறியின் சிந்தனைகளா?

நம் மொழியையே நோக்குவோம். 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்துகள் 3, யுனிகோட் குறிகள் 5, யூ.ரீ.எஃப்.-8 முறையிற் பைட்டுகள் 15. திரையில் எதைக் காட்டுவது? எழுத்துகளை மட்டும் காட்டின், குறியொன்றின் நடுவே வெட்டுண்ட சொல்லின் குற்றம் மறைந்துபோகலாம். பைட்டுகளை மட்டும் காட்டின் எவருக்கும் விளங்காது. இரண்டையும் எவ்வாறு அடுத்தடுத்து வைப்பதென்று தீர்மானிக்க வேண்டியவன் அக்கட்டமைப்பை ஆக்கியவனே. வழுநீக்கிக்கு அது தெரியாது.

ஆகவே அடுத்த அரையாண்டில் சமநிலை மரத்தை ஒப்படையாக விதிக்கும் விரிவுரையாளர்கள், அதன் காட்சிநிரலையும் கேட்டுப் பெறட்டும். வேண்டுமென்றே சுட்டியொன்றைக் கெடுத்த மரத்தை அதனிடம் கொடுத்து, அது என்ன சொல்கின்றதென்று பார்த்துப் புள்ளியிடட்டும்.