பிள்ளைகள் படிப்பு: கிரெடிட்டும் கிரேடும்

சரஸ்வதி பூஜையன்று அடுக்கி வைத்த புத்தகங்களை விஜயதசமியன்று எடுத்த கையோடு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு முதல் இடைத்தேர்வுகள் வந்துவிடுகின்றன. தீபாவளிப் பலகாரம் தீருவதற்குள், ஒரு பாடத்தைத் தொடர்வதா, விட்டுவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டிய கடைசி நாளும் பல கல்லூரிகளில் நெருங்கிவிடுகிறது. பார்சிப்பனியிலும் லேக் ஹையவாதாவிலும் வசிக்கும் பெற்றோர்களில் பலர் அப்படி ஒரு நாள் இருப்பதையே அறியார்கள். அவர்கள் ஊரில் படித்த முறையில் அதற்கு இடமே இல்லை. ஆனால் அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அதன் விளைவு ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும். ஆகவே இம்முறை கிரெடிட், கிரேடு என்னும் இரண்டின் கணக்கையும் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

ஊரில் இருந்த முறை

1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய முறையை மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் படிப்பு. முடிவில் பல்கலைக்கழகப் பரீட்சை. பாடம் நடத்தியவர் ஒருவர், வினாத்தாள் எழுதியவர் இன்னொருவர், விடைத்தாள் திருத்தியவர் யாரென்றே தெரியாது. அறுபது வாங்கினால் முதல் வகுப்பு, ஐம்பது வாங்கினால் இரண்டாம் வகுப்பு. தவறினால் 'அரியர்'. அந்தத் தாளை மட்டும் மீண்டும் எழுதித் தேறிவிட்டால் பட்டம் கைக்கு வந்துவிடும். மறுபடி வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை.

1978-இல் சென்னை லயோலா கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி முதலியவை தன்னாட்சி பெற்றபின், உள்மதிப்பீடும் செமஸ்டரும் மெல்ல மெல்லப் பரவின. 2015 முதல் பல்கலைக்கழக மானியக் குழு பத்துப் புள்ளி அளவில் கிரேடும் கிரெடிட்டும் கொண்ட முறையை இந்தியா முழுவதற்கும் பரிந்துரைத்தது. ஆகவே ஊரில் உள்ள தம்பி மகன் எட்டுப் புள்ளி வாங்கினான் என்றால் அது பத்துக்கு எட்டு. இங்குள்ள மகள் வாங்கும் மூன்றரை நாலுக்கு மூன்றரை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது.

கிரெடிட் எங்கிருந்து வந்தது

கிரெடிட்டின் கதை வேடிக்கையானது. அதன் தொடக்கம் ஓய்வூதியத்தில் இருக்கிறது. 1905-இல் எஃகு வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் முதுமைக்கால ஊதியத்திற்காக ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். அந்தப் பணத்தைப் பெறத் தகுதியுள்ள கல்லூரி எது என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. 1906-இல் கார்னகி அறநிறுவனம், உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை ஓராண்டில் 120 மணி நேரம் படித்தால் ஒரு 'யூனிட்' என்று வகுத்தது. அந்த அளவை ஏற்று மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகளுக்கே ஓய்வூதிய உதவி. நேரத்தைக் கொண்டு படிப்பை அளக்கும் அந்த வழக்கம் கல்லூரிக்குள்ளும் நுழைந்து 'கிரெடிட் ஹவர்' ஆயிற்று.

மத்திய அரசு 2010-இல் வெளியிட்ட விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு கிரெடிட் என்றால் ஏறக்குறைய பதினைந்து வாரங்களுக்கு, வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும். பதினைந்து கிரெடிட் எடுத்த மாணவருக்கு வாரத்தில் பதினைந்து மணி வகுப்பு, முப்பது மணி படிப்பு. ஆக 45 மணி நேரம். ஒரு முழுநேர உத்தியோகத்தைவிட இது அதிகம். வகுப்பு பதினைந்து மணிதானே, மீதி நேரம் சும்மாதானே என்று எண்ணி, கடையில் வாரம் இருபத்தைந்து மணி நேரம் வேலை பார்க்கச் சொல்லும் பெற்றோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. இளங்கலைப் பட்டத்திற்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். ஆண்டுக்கு முப்பது என்று போனால்தான் நான்கு ஆண்டில் முடியும்.

கிரேடின் கணக்கு

எழுத்தால் மதிப்பிடும் பழக்கமும் பழையதுதான். மாசசூசெட்ஸில் உள்ள மவுண்ட் ஹோலியோக் கல்லூரி 1897-இல் ஏ, பி, சி என்ற வரிசையை மதிப்பெண்ணோடு இணைத்து வகுத்தது. இன்று ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென ஓர் அளவு வைத்திருக்கிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏ என்றால் 4, பி பிளஸ் 3.5, பி 3, சி பிளஸ் 2.5, சி 2, டி 1, எஃப் பூஜ்யம். அங்கே 'மைனஸ்' கிடையாது. வேறு கல்லூரிகளில் ஏ மைனஸ், பி மைனஸ் எல்லாம் உண்டு.

ஜி.பி.ஏ. என்னும் சராசரியில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எழுத்துகளை மட்டும் கூட்டி வகுத்தால் சரியான விடை வராது. ஒவ்வொரு எழுத்தையும் அதன் கிரெடிட்டால் பெருக்க வேண்டும். ஒரு மாணவி ரட்கர்ஸ் அளவில் ஐந்து பாடம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். கால்குலஸ் 4 கிரெடிட், சி. வேதியியல் 4 கிரெடிட், பி. ஆங்கிலம் 3 கிரெடிட், ஏ. உளவியல் 3 கிரெடிட், ஏ. ஆய்வுக்கூடம் 1 கிரெடிட், ஏ. மூன்று ஏ, ஒரு பி, ஒரு சி என்று எழுத்தை மட்டும் பார்த்தால் 3.4 வரும். கிரெடிட்டோடு பெருக்கினால் 8, 12, 12, 12, 4, மொத்தம் 48. அதைப் பதினைந்தால் வகுத்தால் 3.2. கனமான பாடத்தில் வாங்கிய சி, ஒரு கிரெடிட் ஆய்வுக்கூடத்தில் வாங்கிய ஏ-யை விட நான்கு மடங்கு எடை உடையது. எந்தப் பாடத்திற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை மாணவர்கள் இதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

எஃப்-பும் டபிள்யூ-வும்

அதே மாணவிக்கு அக்டோபர் கடைசியில் கால்குலஸ் கைநழுவிப் போகிறது என்று கொள்வோம். அவள் முன் இரண்டு வழிகள். அச்சத்தாலோ வெட்கத்தாலோ வீட்டில் சொல்லாமல் கடைசி வரை இருந்து எஃப் வாங்கினால், 40 புள்ளியைப் பதினைந்தால் வகுக்க வேண்டும், 2.67. கெடுவுக்குள் முறைப்படி விண்ணப்பித்து விலகினால் டபிள்யூ என்ற குறி விழும். அது சராசரியில் சேராது. 40 புள்ளியைப் பதினொன்றால் வகுத்தால் 3.64. ஒரே மாணவி, ஒரே அறிவு. ஒரு படிவத்தை உரிய நாளில் கொடுத்தாளா இல்லையா என்பதில் ஏறக்குறைய ஒரு முழுப் புள்ளி வித்தியாசம்.

அதற்காக டபிள்யூ இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. கட்டிய பணம் அநேகமாகத் திரும்பாது. பன்னிரண்டு கிரெடிட்டுக்குக் கீழே போனால் பொதுவாக முழுநேர மாணவர் என்ற தகுதி போய்விடும். பல உதவித்தொகைகள் அந்தத் தகுதியை நம்பியே இருக்கின்றன. எஃப்-1 விசாவில் வந்து இளங்கலை படிப்பவர்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேளாமல் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவே கூடாது; விசாவுக்கே ஆபத்து. மத்திய அரசின் உதவி பெறுவோர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. பட்டத்திற்குரிய கிரெடிட்டைப்போல் ஒன்றரை மடங்குக்குள், அதாவது 120-க்கு 180-க்குள், படிப்பை முடிக்க வேண்டும். எஃப்-பும் டபிள்யூ-வும் முயன்ற கிரெடிட்டில் சேரும், தேறிய கிரெடிட்டில் சேராது. ஒரு தடவை விலகுவதால் குடி முழுகிவிடாது. ஒவ்வொரு செமஸ்டரும் விலகினால் உதவி நின்றுவிடும்.

செமஸ்டரின் முதல் ஓரிரு வாரத்தில் பாடத்தைக் கைவிடுவது வேறு. அதற்குப் பெரும்பாலும் எந்தக் குறியும் விழாது. ஆக மாணவர் அறிந்திருக்க வேண்டிய தேதிகள் மூன்று: குறியின்றிக் கைவிடும் நாள், பணம் திரும்பக் கிடைக்கும் நாள், டபிள்யூ-வோடு விலகும் கடைசி நாள். மூன்றும் கல்லூரியின் நாட்காட்டியில் அச்சாகியிருக்கும்.

மீண்டும் படித்தால்?

இங்கே அரியர் தேர்வு என்று ஒன்று இல்லை. எஃப் வாங்கினால் அந்தப் பாடத்தை மீண்டும் பணம் கட்டி, மீண்டும் பதினைந்து வாரம் உட்கார்ந்து படிக்க வேண்டும். சில கல்லூரிகள் புதிய கிரேடை மட்டும் சராசரியில் சேர்க்கும். சில இரண்டையும் சேர்க்கும். எப்படியிருப்பினும் பழைய எழுத்து டிரான்ஸ்கிரிப்டிலிருந்து பொதுவாக அழிவதில்லை.

மருத்துவம் படிக்க விரும்புவோர் இதை நன்றாக நினைவில் கொள்ள வேண்டும். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொது விண்ணப்பம் பெறும் ஏ.எம்.சி.ஏ.எஸ். அமைப்பு, கல்லூரி எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று பார்ப்பதில்லை. முதல் முறை வாங்கிய எஃப், இரண்டாம் முறை வாங்கிய ஏ இரண்டையும் சேர்த்தே சராசரி போடுகிறது. அதோடு, உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கவுண்டிக் கல்லூரியில் எடுத்த பாடங்களும் அதில் அடக்கம். பதினாறு வயதில், சும்மா ஒரு கிரெடிட் கிடைக்கிறதே என்று சேர்ந்து, அசட்டையாக வாங்கிய சி, இருபத்திரண்டு வயதில் விண்ணப்பத்தில் வந்து நிற்கும். அவ்வகைப் பாடங்களில் சேரலாம். விளையாட்டாகச் சேரக் கூடாது.

ஏ.பி. பரீட்சை வேறு வகை. மே மாதத்தில் நடக்கும் அதில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எத்தனை வாங்கினால் எத்தனை கிரெடிட் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தானே முடிவு செய்கிறது. கிடைக்கும் கிரெடிட் பட்டத்திற்கு உதவும், கல்லூரி ஜி.பி.ஏ.-யை ஏற்றவோ இறக்கவோ செய்யாது.

கவுண்டிக் கல்லூரி வழி

1968-இல் வகுப்புகளைத் தொடங்கிய மாரிஸ் கவுண்டிக் கல்லூரி, பார்சிப்பனிக்கு அருகிலேயே ராண்டால்ஃபில் இருக்கிறது. இரண்டு ஆண்டு அங்கே படித்துப் பின்னர் ரட்கர்ஸுக்கோ வேறு அரசுப் பல்கலைக்கழகத்திற்கோ மாறினால் செலவு வெகுவாகக் குறையும். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற தயக்கம் மட்டுமே தடையாக நிற்கும் வீடுகள் உண்டு. நியூஜெர்சி மாநிலத்தில் 2007-இல் இயற்றப்பட்ட சட்டம் இவ்வழியை உறுதி செய்தது. அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் பமீலா லாம்பிட்டின் பெயரால் அது லாம்பிட் சட்டம் என்று வழங்குகிறது. கவுண்டிக் கல்லூரியில் ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். பட்டம் முடித்தவரை அரசுப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டால், அந்தப் பட்டத்தை இளங்கலையின் முதல் இரண்டு ஆண்டுகளாக ஏற்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. பட்டத்தை முடித்திருக்க வேண்டும். நடுவில் மாறினால் ஒவ்வொரு பாடமாகத்தான் பரிசீலிப்பார்கள், சி-க்குக் கீழே வாங்கியவை பெரும்பாலும் போய்விடும். ஏ.ஏ.எஸ். என்னும் தொழில்சார் பட்டத்திற்கு இந்த உறுதி இல்லை. மூன்றாவதாக, சட்டம் கிரெடிட்டுக்குத்தான் உறுதி அளிக்கிறது, இடத்துக்கு அல்ல. மேலும், கிரெடிட் மாறும்; பழைய கிரேடு பொதுவாகப் புதிய சராசரியில் சேராது. மாணவர் அங்கே புதுக் கணக்குத் தொடங்குகிறார்.

பெற்றோர் கேட்டால் சொல்வார்களா?

பணம் கட்டுவது பெற்றோர். ஆனால் மதிப்பெண் கேட்டால் கல்லூரி சொல்லாது. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. 1974-இல் வந்த மத்தியச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆனாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ, கல்விப் பதிவேட்டின் உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடுகிறது. வருமான வரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்திருப்பவராகக் காட்டியிருந்தால் கல்லூரி சொல்லலாம்; சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை. மாணவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால் கதவு திறக்கும்.

ஊரில் ரிசல்ட் பேப்பரில் வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்தது. இங்கே பிள்ளை வாய் திறந்தால்தான் வீட்டுக்குத் தெரியும். எஃப் வாங்கியதை இரண்டு செமஸ்டர் மறைத்து, உதவித்தொகை நின்ற பிறகு குடும்பத்திற்குத் தெரியவரும் துயரம் இப்படித்தான் நேர்கிறது. அடுத்த வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுப் பேசும் பேச்சு நடக்கும் வீட்டில் எந்தப் பிள்ளையும் அக்டோபரில் வந்து 'கால்குலஸ் புரியவில்லை' என்று சொல்லாது. சொல்லாவிட்டால் கெடு தாண்டிவிடும்.

இங்கே பாடம் நடத்துபவரே வினாத்தாள் எழுதுகிறார், அவரே திருத்துகிறார் என்பதையும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் கொடுக்கும் சிலபஸ் தாளில், வீட்டுப்பாடத்திற்கு எவ்வளவு, இடைத்தேர்வுக்கு எவ்வளவு, இறுதித் தேர்வுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கும். கேள்வி கேட்க மாணவரைச் சந்திக்கும் நேரமும் அதில் இருக்கும். ஆசிரியர் முன் வாய் திறவாமல் நிற்பதே மரியாதை என்று வளர்ந்த பிள்ளைகள் அந்த நேரத்தைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். குருவை அணுகிப் பணிவோடு கேட்டுத் தெளிவதும் மரபுதான். உபநிஷதங்கள் பெரும்பாலும் சீடன் கேட்ட கேள்விகளால் ஆனவை.

இந்த நவராத்திரிக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது, என்ன மார்க் என்று கேட்பதற்கு முன், விலகும் கடைசி நாள் எது, எந்தப் பாடம் சிரமமாக இருக்கிறது, பேராசிரியரைப் போய்ப் பார்த்தாயா என்று பெற்றோர் கேட்கலாம். பதில் எதுவாயினும் கோபிக்காமல் கேட்டுக்கொண்டால், அடுத்த முறை கேளாமலே சொல்வார்கள்.