அருகிருக்கும் இன்பம்

இன்பம் என்பது தொலைவில் இருப்பது என்று கருதுவோர் பலர். திருநாள் வரவேண்டும், வெளியூர்ப் பயணம் வாய்க்க வேண்டும், பரிசு ஒன்று கிட்ட வேண்டும், அன்றுதான் மகிழ்ச்சி என்று அவர்கள் காத்திருக்கின்றனர். இடைப்பட்ட நாள்களையெல்லாம் வெறும் நாள்களாகக் கழித்துவிடுகின்றனர். ஆண்டொன்றில் திருநாள்கள் எத்தனை? வெறும் நாள்கள் எத்தனை? எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும். இவ்விழப்பில் நெடுங்காலம் பங்கு கொண்டவன் யான். அது பற்றியே இப்பாடத்தை எழுத முற்பட்டேன்.

கல்பாக்கத்தை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணிபுரிந்தேன். வடக்கே மாமல்லபுரம், தெற்கே பாலாறு கடலொடு கலக்குமிடம், இடையே சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் எழுப்பிய பழங்கோட்டை, அதற்கு அணித்தாக 1984ஆம் ஆண்டு முதல் மின்னாற்றல் வழங்கிவரும் அணுமின் நிலையம். இவற்றைக் காண வெளியூரார் பலர் வருவர். வந்தவர்க்கு வழி சொல்வதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறியுள்ளார். அவற்றை இடையில் நிறுத்தாமல் ஒப்பிக்கும் ஆற்றல் எனக்கு உண்டு. பழைய முறையில் கற்ற பெரும்புலவர் ஒருவரிடம் இளமையில் நெட்டுருச் செய்தேன். ஆண்டுதோறும் வகுப்பில் அதனை ஒப்பித்துக் காட்டுவேன், மாணவர் வியப்பர், எனக்கும் சிறிது பெருமிதம் தோன்றும்.

ஒருநாள் நெய்தல் திணை பற்றிப் பாடம் சொல்லிக் கொண்டிருந்தேன். அடும்பு என்பது கடற்கரை மணலில் படரும் கொடி என்று உரையில் கண்டவாறே கூறினேன். மீனவர் குடியிற் பிறந்த மாணவன் ஒருவன் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, “ஐயா, அதன் பூ என்ன நிறமாக இருக்கும்?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அறியாததை அறியேன் என்று சொல்லும் துணிவும் அன்று எனக்கு இல்லை. “வெண்ணிறமாக இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குச் சென்றேன்.

மறுநாட் காலை அவன் ஒரு கொடியைக் கையில் சுற்றிக் கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தான். நடுவே பிளவுபட்ட தடித்த இலைகள். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில் புனல் போன்ற பூக்கள். “இதனை எங்கள் குப்பத்தில் அடம்பங்கொடி என்போம், ஐயா. நேற்று நீங்கள் சொன்ன அடும்பு இதுதானா?” என்றான். அவன் குரலில் குத்தல் இல்லை. அறிய வேண்டும் என்னும் ஆவலே இருந்தது. ‘அடம்பங்கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்னும் பழமொழியைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியவன் யான். அக்கொடியின்மேல் மாலைதோறும் நடந்தவனும் யானே. பெயர் என் நாவில் இருந்தது. கொடி என் காலடியில் இருந்தது. இரண்டிற்கும் இடையே கண் என்று ஒன்று இருப்பதை மறந்திருந்தேன்.

அன்று மாலை குறுந்தொகையை எடுத்துப் பார்த்தேன். புலவர் ஒருவர் அடும்பின் இலையை மானின் அடிக்கும், அதன் பூவைக் குதிரையின் மாலையில் தொங்கும் மணிக்கும் ஒப்பிட்டிருந்தார். பலமுறை படித்த பாட்டே அது. ஆயினும் அன்றுதான் முதன்முறையாகப் படித்ததுபோல் இருந்தது. மேசைமேல் கிடந்த இலையைத் திருப்பிப் பார்த்தேன், மானின் குளம்பேதான்! ஈராயிரம் ஆண்டுகளுக்கு அணித்தாக ஒருவர் கண்டு மகிழ்ந்ததை யானும் கண்டேன் என்னும் நினைவு தந்த களிப்பு இன்னும் தணியவில்லை. படிப்பதால் வரும் இன்பம் என்று பலரும் பொதுவாகச் சொல்வர். அது யாதெனின் இதுதான் என்று சுட்டிக் காட்டும் வகையில் எனக்கு வாய்த்த நாள் அது.

குறிஞ்சிப்பாட்டில் மற்றொன்றும் அப்போது புலனாயிற்று. மலைநாட்டைப் பாட வந்த அப்பாட்டில் அடும்பு உண்டு, தாழை உண்டு, புன்னை உண்டு, நெய்தலும் உண்டு. மலைப் பாட்டில் கடற்கரைப் பூக்கள் புகுந்தமைக்கு இலக்கணம் வல்லார் எத்தகைய அமைதி கூறினும் கூறுக. கண்ட பூ ஒன்றையும் விட்டுவிட மனம் வராத ஒருவரையே யான் அங்குக் காண்கிறேன்.

அப்பூக்களுள் சில ஒரு காலத்தில் உதிர்ந்து போயிருந்தன. பத்துப்பாட்டை அச்சிடும் பொருட்டு உ. வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டபோது, குறிஞ்சிப்பாட்டில் சில மலர்களின் பெயர்கள் மட்டும் காணப்படவில்லை. அவர் தருமபுரம் மடத்துக்குச் சென்று, அங்கிருந்த சுவடிகளைத் துருவித் துருவித் தேடி, விடுபட்ட பெயர்களைக் கண்டெடுத்தார். 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டு அச்சில் வெளிவந்தது. ‘உதிர்ந்த மலர்கள்’ என்று தலைப்பிட்டு இந்நிகழ்ச்சியை அவரே எழுதியுள்ளார். சில பூப்பெயர்களைக் கண்டதற்கு அத்துணை மகிழ்ச்சியா என்று கேட்பவர், தேடி அடைந்த பொருள் ஒன்றும் இல்லாதவராதல் வேண்டும்.

நூல்கள் எளிதிற் கிடைக்காத காலம் அது. பின்னர் 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சீர்காழியிற் பிறந்த அரங்கநாதன் என்னும் பெரியாரின் உழைப்பு அதற்குப் பின்னே நின்றது. அதன் பயனாய் எழுந்த கிளை நூலகங்கள் பலவற்றில் நாற்காலிகள் வெறுமையாக இருப்பதைக் காண்கிறேன். தேர்வுக்கு உதவாத நூலைப் படிப்பது காலக்கேடு என்று பெற்றோர் சொல்கின்றனர். ஆசிரியரும் சிலர் சொல்கின்றனர். யானும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை இப்போது மீட்டுக் கொள்கிறேன்.

மாமல்லபுரத்திற்கு வருவோம். அருச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இருவகையாகக் கூறப்படும் பெரும்பாறைச் சிற்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேவரும் முனிவரும் நிறைந்த அக்காட்சியில், பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்து கொள்ளும் மான் ஒன்று உண்டு, கண்டீர்களா? யானையின் கால்களுக்கிடையே குட்டிகள் நிற்கின்றன. முன்னங்கால்களை உயரத் தூக்கித் தவம் புரிவதுபோல் பூனை ஒன்று நிற்க, அதனைச் சுற்றி எலிகள் அச்சமின்றி இருக்கின்றன. அருகே உள்ள கண்ணன் மண்டபத்தில் ஆயர் ஒருவர் பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி தெய்வங்களைச் செதுக்கப் பணிக்கப்பட்டவன். மான் மூக்கைச் சொறிய வேண்டும் என்று எந்த அரசன் ஆணையிட்டிருப்பான்? எங்கோ ஒரு காட்டோரத்தில் அவன் தானே கண்டு நகைத்த காட்சி அது. அதனைத் தன்னோடு வைத்துக் கொள்ள மனமின்றி நமக்கும் தந்துவிட்டான்.

அப்பாறையின் எதிரே இன்று மக்கள் திரளாக நிற்கின்றனர். பாறைக்கு முதுகைக் காட்டிக் கொண்டு, கைப்பேசியை நீட்டித் தம்மைத் தாமே படம் பிடித்துக் கொள்கின்றனர். பிடித்ததும் அடுத்த இடத்துக்கு விரைகின்றனர். மானைக் கண்டவர் நூற்றுக்கு ஒருவரேனும் இருப்பரோ என்பது ஐயமே. இதனைக் கொண்டு நிழற்படக் கலையையே பழிப்பாரும் உளர். யான் அவ்வாறு பழியேன். நோக்காமல் நகர்வதற்கு ஒருவன் அக்கருவியைப் பயன்படுத்தலாம். நின்று நோக்குவதற்கும் பயன்படுத்தலாம். இரண்டாமவர்க்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு.

‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன். 1912ஆம் ஆண்டு பிறந்து 1996ஆம் ஆண்டு மறைந்தவர், இயற்கை அறிஞர், நிழற்படக் கலைஞர், ஓவியமும் வல்லவர். பல இடங்களிற் பெற்ற உறுப்புகளைப் பொருத்தித் தம் கேமராவைத் தாமே அமைத்துக் கொண்டார். கறுப்பு வெள்ளைப் படங்களே அவர் விரும்பி எடுத்தவை. காட்டு யானைகளை எடுத்தார் என்பது பலரும் அறிந்தது. எனக்கு அதனினும் வியப்பளிப்பது வேறொன்று. 1950ஆம் ஆண்டு தொடங்கி மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள், ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதி வந்தார். காடுகளைப் பற்றி மட்டுமா எழுதினார்? காக்கையும் அணிலும் அவர்க்குப் பொருளாயின. காக்கையில் எழுதுவதற்கு அத்துணை உண்டோ என்று நமக்குத் தோன்றும். அவர்க்கு அவ்வாறு தோன்றவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் பெயரில் நூலாக வந்துள்ளன, தேடிப் படியுங்கள்.

பணி ஓய்வு பெற்றபின் என் மகள் எனக்குக் கேமரா உள்ள கைப்பேசி ஒன்றை வாங்கித் தந்தாள். முதலில் அடும்பைப் படம் எடுக்கச் சென்றேன். நின்றபடி எடுத்த படத்தில் மணல் மட்டும் தெரிந்தது. முழங்கால் மடித்து அமர்ந்தேன். இந்த அகவையில் அஃது எளிதன்று. அப்போதுதான் பூவின் உட்பகுதி ஆழ்ந்த நிறமுடையது என்பதைக் கண்டேன். அதனுள் ஒரு கருவண்டு நுழைந்து, மகரந்தம் பூசிய முதுகோடு வெளிவந்தது. படம் நன்றாக அமையவில்லை. அமையாவிட்டால் என்ன? கருவி இல்லையேல் யான் மண்டியிட்டிருக்க மாட்டேன்.

“பூவைப் பார்த்தால் பசி தீருமா?” என்று கேட்கலாம். தீராது. பட்டினி கிடப்பவனிடம் பூவைக் காட்டி அமைதி கூறுவது கொடுமை. ஆனால், உழைப்பவர்க்கு இத்தகைய இன்பத்தில் நாட்டமில்லை என்பதும் பொய். நம் மாவட்டத்து வேடந்தாங்கலில் உழவர்களே பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடலாகாது என்று ஆங்கில அதிகாரியிடம் முறையிட்டவர்கள் அவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பது உண்மையே. எனினும் தீபாவளியன்று வெடி வெடியாமல் இருக்கும் அவ்வூர்ச் சிறுவர்கள் உரத்தை எண்ணியா அடங்கியிருக்கின்றனர்?

இதனினும் கடிய வினா ஒன்று உண்டு. அதனை எழுப்பியது கடல். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. கல்பாக்கம் நகரியத்திலும் சுற்றியிருந்த குப்பங்களிலும் உயிர்கள் பல மாண்டன. என்னிடம் படித்தவர் வீடுகளிலும் இழப்பு நேர்ந்தது. அதன்பின் பல மாதங்கள் யான் கடற்கரைப் பக்கம் செல்லவில்லை. நெய்தல் பாட்டுகளை வகுப்பில் நடத்த நா எழவில்லை. கடற்கரையில் இன்பம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

மீண்டும் என்னை அங்கு அழைத்துச் சென்றவன், முன்னாளில் அடம்பங்கொடி கொணர்ந்த அதே மாணவன். அப்போது அவன் வளர்ந்து, கடல் தொழிலில் இருந்தான். படகையும் வலையையும் இழந்திருந்தான். அலை அரித்துச் சென்ற வெறும் மணலில் சில கொடிகள் நீண்டு ஓடிக் கொண்டிருந்தன. மணலை இறுகப் பற்றி மேடாக்கும் இயல்புடையது அடும்பு. “கரை இனிக் கொஞ்சம் நிற்கும், ஐயா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அவன் துயரம் அக்கொடியால் தீர்ந்தது என்று யான் எழுதினால் பொய்யாகும். ஆயினும் அவன் குனிந்து பூ ஒன்றைத் தொட்டுப் பார்த்தான், பறிக்கவில்லை. அதனைக் கண்டபின் எனக்குப் பேச்சு வந்தது. மறுவாரம் நெய்தல் பாட்டை நடத்தினேன்.

அடும்பைக் காண விரும்பும் மாணவர் விடியற்காலையிற் செல்க. காலையில் மலரும் பூ அன்றே வாடிவிடும். கொடியை மிதித்துச் செல்லாதீர். மணல்மேட்டை விளையாட்டிடமாக்கி அழித்த இடங்களில் அது மீளப் படர்வது அரிது.

யான் இப்போது ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதில் கபிலரின் 99 பெயர்களையும் எழி, கண்ணால் கண்டவற்றின் எதிரே நாளும் இடமும் குறித்து வருகிறேன். இதுவரை நாற்பத்தொன்று கண்டாயிற்று. அனிச்சம் எது என்பதில் அறிஞர்க்குள்ளேயே ஒருமைப்பாடு இல்லை; அந்த இடத்தை வெற்றிடமாக விட்டிருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2018ஆம் ஆண்டில் மலைகளிற் பூத்தபோது, முழங்கால் வலியைக் காரணம் காட்டி வீட்டில் இருந்துவிட்டேன். இனி அது பூப்பது 2030ஆம் ஆண்டில். உடன் வருவதாக அந்த மாணவன் சொல்லியிருக்கிறான். மலைப்பூவை அவனும் கண்டதில்லை.