காத்திருக்கும் உரிமை யாருக்கு?

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 25,981 ஆகச் சரிந்தது. அஞ்சியோர் விற்றனர். நான்காம் நாள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 5.15 விழுக்காட்டிலிருந்து 4.40 ஆகக் குறைத்தது. ஓராண்டு கழியுமுன் குறியீடு 50,000ஐத் தாண்டிற்று. 2022 மே 4 அன்றோ, எவரும் எதிர்பாராவண்ணம் வட்டியை உயர்த்திற்று வங்கி, சந்தை சரிந்தது. நாள் குறித்து விளையாடுவோர் இவற்றை முன்னறிந்தனரா? இல்லை!

திண்டுக்கல் சமவெளியில் தென்னை நட்டவன் திங்கள்தோறும் வேரைத் தோண்டிப் பார்ப்பதில்லை. பங்கும் அத்தகையதே. ஆனால், காத்திருக்கக் கையிருப்பு வேண்டாமா? மருத்துவச் செலவுக்கே பங்கை விற்க நேர்ந்தால், நூற்பாலைத் தொழிலாளிக்கும் பூட்டுத் தொழிலாளிக்கும் பொறுமை எட்டாக் கனி. செல்வர்க்கோ அது சொத்து. எனவே, கடன்பட்டுப் பங்கு வாங்காதீர். அவசரத்துக்கு ஒதுக்கியபின் எஞ்சியதையே நெடுங்காலம் விட்டுவையுங்கள். எஞ்சும்படியான கூலியைக் கேட்டுப் பெறுவோம். பொறுமைக்கு முதலீடு அதுவே!