மண்ணாகும் தெய்வம்

நம் முன்னோர் தெய்வத்தைக் கல்லிலும் செம்பிலும் கண்டார்கள், மண்ணிலும் கண்டார்கள். கல்லும் செம்பும் என்றும் நிலைத்திருப்பதற்காகச் செய்யப்பட்டவை. மண்ணோ, மறுபடியும் மண்ணாவதற்கென்றே உருப்பெறுவது. இதைக் குறை என்று சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை.

கன்னியாகுமரி ஜில்லாவில், குலசேகரத்து ரப்பர்த் தோட்டங்களைக் கடந்து கடற்கரைப் பக்கம் சென்றால் மண்டைக்காடு வரும். அங்கே பகவதியம்மன் எழுந்தருளியிருப்பது சிற்பி செதுக்கிய சிலையில் அன்று. சுமார் 15 அடி உயரமுள்ள ஒரு புற்றில். கறையான் தன் வாயின் ஈரத்தால் மண்ணைக் குழைத்து, சிறுகச் சிறுக ஒட்டி எழுப்புவதுதான் புற்று. சக்கரமும் இல்லை, சூளையும் இல்லை. மாசிக் கொடையின்போது இருமுடி ஏந்திய பெண்கள் அதன் முன்னே திரள் திரளாக வந்து கை கூப்புகிறார்கள்.

அதே மண் வேளார் கையில் அய்யனார் குதிரையாகிறது. களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, முதலில் கால்களை எழுப்பி, அவை சற்று உலர்ந்த பிறகு உடலைச் சேர்க்கிறார். உள்ளே கூடாக விடாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். பல ஊர்களில் அவரே அய்யனாருக்குப் பூசாரியும் ஆவார். பழைய குதிரைகள் தோப்பிலே மழையில் நனைந்து சிதைகின்றன. அதற்காக யாரும் வருந்துவதில்லை. புதியவை வரிசையில் வந்து நிற்கின்றன. மண் அழிவதால்தான் கை ஓய்வதில்லை. கை ஓயாததால்தான் கலை அழிவதில்லை!

புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் சிற்பி வி. கே. முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் விருதினால் மட்டும் குயவர் வீட்டில் அடுப்பு எரியுமா? பிளாஸ்டர் ஆப் பாரிஸ் பிள்ளையார் மலிவாகவும் பளபளப்பாகவும் கடைக்கு வந்துவிட்டார். அவர் எளிதில் கரைவதில்லை. அவர் மேல் பூசிய ரசாயன வர்ணம் குளத்தைக் கெடுக்கிறது. 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தகைய சிலைகள் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. 2024-ல் தமிழக அரசு, தாசில்தார் அனுமதியுடன் ஏரி, குளங்களில் குயவர்கள் இலவசமாக மண் எடுக்க வழி செய்தது.

சட்டம் வந்தது, மண்ணும் வந்தது. இனி வர வேண்டியது வாங்கும் கை. கரையாத பிள்ளையாரைக் காசு கொடுத்து வாங்கி, கரைப்பதற்கென்று குளத்துக்குத் தூக்கிச் செல்வதில் என்ன அர்த்தம்? அடுத்த சதுர்த்திக்கு நம் ஊர்க் குயவர் வீட்டு வாசலுக்கே நேயர்கள் போகட்டும். பிள்ளையார் கரைந்து போவார், குயவர் நிலைத்திருப்பார்.