துணிவுக்கான பரிசா இது?

பிரிட்டனில் தொழிலை விற்பவருக்குத் தரும் மூலதன ஆதாய வரிச் சலுகையில் கைவைத்தால் அங்கே புதிதாகத் தொழில் தொடங்க ஆளே இருக்காது என்கிறார் ஒரு கட்டுரையாளர். மிரட்டல் இருக்கிறது, ஆதாரம் இல்லை.

2008இல் வந்த சலுகை இது. அப்போது வரி 10 சதவீதம். ஒருவர் தன் ஆயுளில் இச்சலுகை பெறக்கூடிய ஆதாயத்தின் உச்சவரம்பு முதலில் 10 லட்சம் பவுண்டு, 2011இல் ஒரு கோடி. 2020 மார்ச்சில் அதை மீண்டும் 10 லட்சத்துக்கு இறக்கியவர் கன்சர்வேடிவ் நிதியமைச்சர் ரிஷி சுனக். ஆண்டுக்கு 200 கோடி பவுண்டுக்கு மேல் செலவு, அதில் ஏறக்குறைய முக்கால்வாசி வெறும் 5,000 பேருக்கு, இதை நம்பித் தொழில் தொடங்கியதாகச் சொன்னவர்கள் பயனாளிகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்று நாடாளுமன்றத்திலேயே காரணம் சொன்னார். கட்டுரையாளர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சலுகை கைக்கு வருவது தொழிலை விற்கும் நாளில். வீட்டை அடகு வைத்து முதல் கடன் வாங்கும் நாளில் அல்ல. நொடித்துப்போய்க் கதவைச் சாத்தியவருக்கு இதில் ஒரு காசும் கிடையாது. அவருக்குத் துணிவு இல்லையா? கம்பெனிப் பங்குகளுக்குச் சட்டம் கேட்பது 5 சதவீதப் பங்கு, இயக்குநர் அல்லது ஊழியர் பொறுப்பு, இரண்டு ஆண்டுக் காலம். எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள் என்று அது கேட்பதே இல்லை. இங்கிலாந்தில் அடிப்படை வரி கட்டும் செவிலியர் கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டிலும் 28 பென்ஸ் வருமான வரிக்கும் தேசியக் காப்பீட்டுக்கும் போகிறது. பங்கை விற்றவர் பல ஆண்டுகள் கட்டியது 10. 2025 ஏப்ரலில் 14, 2026 ஏப்ரலில் 18 என்று உயர்த்தியதைத்தான் கட்டுரையாளர் கொள்ளை என்கிறார்!

பரிசாகக் கொடுக்கும் தொழில் பங்குக்கு வரியைத் தள்ளிவைக்கும் சலுகைக்காகவும் அவர் வாதாடுகிறார். பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பணம் கைமாறுவதில்லை, அப்போது வரி கேட்பது முறையல்ல என்பது மட்டும் நியாயம். ஆனால் வரி தள்ளிப்போகிறதே தவிர தப்பவில்லை என்கிறாரே, அது பொய். தந்தை ஒரு லட்சம் பவுண்டு போட்ட பங்கு ஒன்பது லட்சமாகி மகளுக்குப் போகிறது. பழைய ஒரு லட்சமே மகளின் அடக்கவிலை. அவர் விற்றால் வரி உண்டு. விற்காமலே இறந்தால், அன்றைய சந்தை மதிப்பே அவருடைய வாரிசுகளின் அடக்கவிலை ஆகிவிடும். எட்டு லட்சம் ஆதாயம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். வாரிசு வரி பிடித்துக்கொள்ளுமே என்றால், அங்கும் தொழில் பங்குகளுக்குத் தனிச் சலுகை உண்டு. சாவோடு அடக்கவிலையை ஏற்றிவிடும் அந்த விதியை எடுக்கச் சொல்லி அவர் எழுதட்டும், பரிசுப் பங்குக்கான தள்ளிவைப்பை நானும் ஆதரிக்கிறேன்.