தரையில் உட்கார்ந்து பாடுபவருக்கு எந்த மைக் ஸ்டாண்ட்?

மார்கழி சீசனில் டி.டி.கே. சாலை மியூசிக் அகாடமிக்கோ, தி.நகர் கிருஷ்ண கான சபாவுக்கோ போனால், கச்சேரி தொடங்கும் முன் மேடையைக் கொஞ்சம் கவனியுங்கள். பாடகர் சப்பணமிட்டு அமர்ந்திருப்பார். அவர் முன்னால் இருக்கும் மைக் ஸ்டாண்டின் தண்டு ஏறக்குறைய முழங்கால் உயரம்தான் இருக்கும். அதிலிருந்து ஒரு கை சாய்வாக நீண்டு, மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவந்து நிறுத்தும்.

வீட்டுக்கு வாங்கும்போது நடப்பது வேறு. ஆன்லைனில் ‘மைக் ஸ்டாண்ட்’ என்று தேடினால் முதலில் வந்து நிற்பது, நின்றுகொண்டு பாடுபவருக்கான உயரமான ஸ்டாண்ட். விலை குறைவு, படமும் பளபளப்பு. வாங்கிவிடுகிறோம். பாட்டு கிளாஸ் போகும் குழந்தை தரையில் உட்கார்ந்ததும்தான் சிக்கல் தெரிகிறது.

மூன்றடியும் இரண்டேகால் அடியும்

தரையில் அமர்ந்திருக்கும் பெரியவரின் வாய், தரையிலிருந்து சுமார் இரண்டேகால் அடி உயரத்தில் இருக்கும். பத்து வயதுக் குழந்தைக்கு அது இரண்டு அடிக்கும் குறைவு. சாதாரண உயர ஸ்டாண்டை எவ்வளவு இறக்கினாலும் தண்டு சுமார் மூன்றடிக்குக் கீழே வராது. அதாவது, தண்டின் உச்சியே பாடுபவரின் தலைக்கு மேலே போய்விடும்.

வேறு வழியில்லாமல் கையைக் கீழ்நோக்கிச் சாய்ப்போம். தண்டு முகத்தை மறைக்கும். மைக் வாய்க்கு எட்டாது. குழந்தை கழுத்தை நீட்டி, முதுகை வளைத்துப் பாடத் தொடங்கும். நிமிர்ந்து உட்கார் என்று டீச்சர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வதை ஸ்டாண்ட் கெடுத்துவிடும்.

மைக் வாய்க்கு அருகே இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், மைக்கை அடையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அதை ஈடுகட்ட வால்யூமை ஏற்றினால், மேடையில் ‘கூ’வென்று ஊளையிடும். வீட்டுப் பதிவிலோ மின்விசிறிச் சத்தமும் குக்கர் விசிலும் சேர்ந்து ஏறும்.

சபாக்கள் மைக்குக்கு மூத்தவை. திருவல்லிக்கேணி ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா தொடங்கியது 1900-ல். கச்சேரி மேடைக்கு மைக் வந்தது 1930-களை ஒட்டித்தான். அதற்கு முன்பு கடைசி வரிசை வரை கேட்க, சுருதியை ஏற்றி, தொண்டையைத் திறந்து பாட வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகு பாடகர்கள் தங்கள் குரலுக்கு இதமான சுருதிக்கு இறங்க முடிந்தது. தவறான ஸ்டாண்டால் மைக் எட்டிப்போனால், அந்த வசதியும் போய்விடும்.

எந்த வேலைக்கு எது?

கர்னாடக இசை, பஜனை, கொலு முன் பாட்டு: ‘ஷார்ட் பூம்’ அல்லது ‘லோ ப்ரொஃபைல்’ என்று கேளுங்கள். தண்டு சுமார் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை ஏறி இறங்க வேண்டும். கையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் மேடையோரம் அமரும் நட்டுவாங்கம், பாட்டு, வயலின் கலைஞர்களுக்கும் இதுவே பொருந்தும். மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என இரு பக்கமும் மைக் வைப்பதாக இருந்தால் இரண்டு தேவை.

அப்பார்ட்மென்ட் விழா, பள்ளி ஆண்டு விழாப் பேச்சு: வட்டமான இரும்பு அடித்தளம் கொண்ட நேர் ஸ்டாண்ட் நல்லது. மூன்று கால் ஸ்டாண்ட் என்றால், நடந்து வருபவரின் புடவையும் வேட்டியும் காலில் மாட்டும்.

மேஜையில் அமர்ந்து ஆன்லைன் வகுப்பு, பாட்காஸ்ட்: மேஜை விளிம்பில் கவ்விப் பிடிக்கும் மடக்குக் கை போதும். மேஜைப் பலகை மெல்லியதாகவோ கண்ணாடியாகவோ இருந்தால் இது வேண்டாம்.

கீ போர்டு, கிடார் வாசித்துக்கொண்டு நின்று பாடுபவர்: ஆன்லைனில் முதலில் வந்ததே, அந்த உயரமான பூம் ஸ்டாண்ட், இவருக்குச் சரி.

விழுந்தால் என்ன ஆகும்?

ஸ்டாண்ட் சாய்ந்தால் அது விழும் இடத்தில் குழந்தை இருக்கலாம், வீணை இருக்கலாம், வயலின் இருக்கலாம். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்த ஸ்டாண்ட், பல ஆயிரம் ரூபாய் வாத்தியத்தைப் பதம் பார்த்துவிடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது எடை. கையில் தூக்கினால் காற்றாக இருக்கும் ஸ்டாண்டைத் தவிருங்கள்.

அடுத்தது கால் வைக்கும் முறை. மூன்று கால் ஸ்டாண்டில், நீளும் கை எப்போதும் ஒரு காலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். ஒவ்வொரு காலும் ஓரடி வெளியே நீள்வதாக வைத்துக்கொள்வோம். காலுக்கு நேர் மேலே கையை நீட்டினால் ஓரடித் தாங்கல் கிடைக்கும். இரண்டு கால்களுக்கு நடுவே நீட்டினால் கிடைப்பது அரையடிதான். அதே ஸ்டாண்ட், அதே மைக். திசை மாறினால் பிடிமானம் பாதியாகிவிடுகிறது.

பிரபலமான ஷூர் எஸ்.எம்.58 மைக் ஏறக்குறைய 300 கிராம். இரண்டடிக் கையின் நுனியில் அதை மாட்டினால், தண்டிலிருந்து நான்கு அங்குலத்தில் 1.8 கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமமான இழுப்பு வரும். எனவே கையைத் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். எதிர்ப்பக்கக் காலின் மேல் மணல் நிரப்பிய சிறு துணிப்பை வைத்தால் கூடுதல் பாதுகாப்பு.

கடையில் ஐந்து நிமிடம்

அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற வாத்தியக் கடைக்குப் போகலாம். ரிச்சி தெருவில் ஒலிக்கருவி விற்கும் கடைகளையும் பார்க்கலாம். எங்கே போனாலும் உங்கள் மைக்கைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மைக்கை மாட்டி, கையைப் படுக்கை வாட்டமாக நீட்டி, திருகை இறுக்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். நுனி மெல்லக் கீழே இறங்கினால் அந்த ஸ்டாண்ட் வேண்டாம். முதல் சரணம் முடிவதற்குள் அது மடியில் வந்து உட்காரும்.

கால்கள் சேரும் மூட்டும் கையைப் பிடிக்கும் மூட்டும் உலோகமா, பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். முதலில் உடைவது இந்த இரண்டு இடங்கள்தான். தண்டு எவ்வளவு பளபளத்தாலும் மூட்டு பிளாஸ்டிக் என்றால் யோசியுங்கள்.

மரை அளவும் முக்கியம். மைக் ஸ்டாண்டுகளில் 3/8 அங்குலம், 5/8 அங்குலம் என இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. போன், கேமரா ட்ரைபாடில் இருப்பது பெரும்பாலும் 1/4 அங்குலம். பொருந்தாவிட்டால் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்று போதும். அதற்காக ஸ்டாண்டையே மாற்ற வேண்டியதில்லை.

காலடி ரப்பர் மூன்றும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தொடையில் தட்டிப் போடும் தாளத்தின் அதிர்வு தரை வழியாக ஸ்டாண்டுக்கு ஏறி, பதிவில் ‘தொம் தொம்’ என்று கேட்கும். அப்படிக் கேட்டால், மடித்த கனமான துண்டை மூன்று கால்களுக்கும் அடியில் போடுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

உப்புக் காற்று ஜாக்கிரதை

சாந்தோம், மயிலாப்பூர், பெசன்ட் நகர், அடையாறு வீடுகளில் கடற்காற்று இரும்பைச் சீக்கிரம் தின்றுவிடும். பளபளப்பான குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அங்கே துரு பிடிக்கும். கறுப்புப் பூச்சு கெட்டியாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

உயரத்தை மாற்றும்போது, திருகைத் தளர்த்திய பிறகே தண்டையும் கையையும் நகர்த்துங்கள். இறுக்கியபடியே முறுக்கினால் மரை தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பாடி முடித்ததும் மைக்கைக் கழற்றிவிட்டு, கையை மடக்கி, தண்டை இறக்கி ஓரமாக வையுங்கள். நடு ஹாலில் நீட்டியபடி விட்டால், அடுத்து அந்த வழியாக ஓடி வரும் குழந்தை அதில்தான் இடித்துக்கொள்ளும்.